தன்மதம் களைதல்: திருநாவுக்கரசரின் அதிகை, ஆரூர்ப் பதிகங்கள்

முன்னுரை

நூல் செய்வோன் மேற்கொள்ளத்தக்க மதங்கள் ஏழு என்று நன்னூல் பொதுப்பாயிரம் வகுத்துரைக்கிறது. பிறர் கருத்துக்கு உடன்படுதல், அதனை மறுத்தல், முதலில் உடன்பட்டுப் பின்னர் நீக்குதல், தான் ஒன்றைச் சொல்லி அதனையே நிலைநிறுத்துதல், இருவர் மாறுபட்டுக் கூறியவற்றுள் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதல், பிறர் கருத்தைச் சாராது தன் கருத்தையே கொள்ளுதல் என்பன அவை. இவ்வேழனுள் பிறர் சொன்னதை மறுப்பதற்கு இடமுண்டு. பிறர் சொன்னதை ஏற்றுப் பின் களைவதற்கும் இடமுண்டு. தான் சொன்னதைத் தானே மறுப்பதற்குத் தனி இடம் இல்லை. தான் நாட்டியதை நிறுத்துவதே நூலோர்க்கு அழகு என இலக்கண மரபு கருதியது போலும்.

இலக்கியம் இவ்வரையறைக்குள் அடங்கவில்லை. தாம் பலரறியக் கொண்டிருந்த மதத்தைக் கைவிட்டு, கைவிட்டதனையே பலமுறை பாடுபொருளாக்கியவர் கி.பி. 7ஆம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசர். சமணத்தில் தருமசேனராக விளங்கிய அவர் சைவத்துக்கு மீண்ட வரலாறு தமிழுலகம் நன்கறிந்தது. அவ்வரலாற்றைப் பெரும்பாலும் பெரியபுராணத்தின் வழியாகவே கற்றுவருகிறோம். புராணம் தரும் விடையைத் தேவாரத்தின்மேல் ஏற்றிப் பார்க்கும் வழக்கம் உரைகளிலும் ஆய்வுகளிலும் வேரூன்றியுள்ளது. முன் கொண்டிருந்த கொள்கையை மறுக்கும் ஒருவர் அதற்குரிய பொறுப்பை எவர்மேல் வைக்கிறார் என்னும் ஒரு வினாவை மட்டும் எடுத்துக்கொண்டு, நாவுக்கரசரின் இரு பதிகங்களையும் சேக்கிழாரின் புராணத்தையும் ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மறுக்கப்பட்ட சொல்

ஒரு கருத்தை மனத்தளவில் மாற்றிக்கொள்வதும், அவையறியச் சொன்னதை மீளப் பெறுவதும் ஒன்றல்ல. பின்னதற்குக் கேட்டோர் உளர். நம்பி வழிநடந்தோரும் இருத்தல் கூடும். தருமசேனரின் நிலை இத்தகையதே. திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்த மருள்நீக்கியார், உலக நிலையாமையைக் கண்டு பாடலிபுத்திரம் சென்று சமண நூல்களைக் கற்றார் என்றும், தேரர்களை வாதில் வென்று அச்சமயத் தலைமையில் மேம்பட்டார் என்றும் சேக்கிழார் கூறுகிறார். எனவே அவர் எளிய மாணாக்கராக இருந்து விலகியவர் அல்லர். வாதம் செய்தவர், வென்றவர், பிறர்க்கு வழிகாட்டியவர்.

இன்றைய திருப்பாதிரிப்புலியூராக அடையாளங் காணப்படும் பாடலிபுத்திரத்தின் கல்விச் சிறப்புக்குப் புராணத்திற்கு அப்பாலும் சான்று உண்டு. உலகவமைப்பைக் கூறும் உலோகவிபாகம் என்னும் சமண நூலைச் சருவநந்தி என்பார், காஞ்சியரசர் சிம்மவருமரின் 22ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், பாடலிகையில் நிறைவு செய்தார் என்பது அந்நூலின் பிற்கால வடமொழி வடிவத்தால் தெரிகிறது. நாவுக்கரசர் காலத்துக்குச் சற்றேறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அது கற்றோர் உறைவிடமாக இருந்தது. அத்தகைய இடத்தில் தலைமை பெற்ற ஒருவர் தம் கொள்கையைக் கைவிட்டது அக்காலத்துப் பெருஞ்செய்தியாகவே இருந்திருக்கும்.

தருமசேனராக அவர் வாதித்தவை எவையும் இன்று கிடைக்கவில்லை. வென்ற வாதங்களின் பொருள் யாது, எடுத்துக்காட்டுகள் யாவை என்பவற்றை அறிய வழியில்லை. அவர் சமணராக வாழ்ந்ததற்கு அவர்தம் வாயால் கிடைக்கும் சான்று, அவ்வாழ்வை மறுத்துப் பாடிய சைவப் பதிகங்களே. மறுக்கப்பட்டது மறுப்பினுள்ளேயே எஞ்சி நிற்கிறது. ஆகவே அம்மறுப்பின் மொழியை நுணுகிக் காணுதல் இன்றியமையாததாகிறது.

அதிகைப் பதிகம்: நோயின் மொழி

நான்காம் திருமுறையின் முதற்பதிகம் திருவதிகை வீரட்டானத்தில் பாடப்பெற்றது. சூலைநோயின் வேதனையே அதன் களம். கூற்றுவனைப் போல் வந்து குடரைத் துடக்கி முடக்கும் நோயை விலக்க வேண்டுவதே அதன் நேரடிப் பொருள். மறுப்பின் மொழி என்ற நோக்கில் இப்பதிகத்தை அணுகுவோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. சமணத்தில் பல்லாண்டு வாழ்ந்து மீண்டவர் பாடிய முதற்பாட்டில் தெளிவான குற்ற ஒப்புதலை எதிர்பார்ப்பது இயல்பு. அங்குக் காணப்படுவதோ பெரிதும் தன்னிலை விளக்கமே.

முதற்பாடல் தாம் செய்த கொடுமைகளைத் தாம் அறியவில்லை என்கிறது. செய்ததே இல்லை என்பதாகவும் இதனைக் கொள்ளலாம். செய்தபோது கொடுமை என உணரவில்லை என்பதாகவும் கொள்ளலாம். தொடரின் அமைப்பு இரண்டுக்கும் இடந்தருகிறது. அடுத்து நெஞ்சத்தை இறைவனுக்கே இடமாக வைத்திருந்ததாகவும், அவனை நினையாதிருந்த பொழுதே இல்லை என்றும் பாடுகிறார். பின்னொரு பாடலில் நீரும் பூவும் தூபமும் கொண்டு வழிபடுவதையும், தமிழோடு இசை பாடுவதையும், நன்மையிலும் தீமையிலும் அவனை நினைப்பதையும் மறந்ததில்லை என்கிறார். பிறசமயத் தலைவராக இருந்து அன்று மீண்டவரின் வாக்கில் இது எங்ஙனம் பொருந்தும்?

இம்முரணைத் தீர்க்கப் பல வழிகள் உண்டு. சமணம் புகுவதற்கு முற்பட்ட இளமை வழிபாட்டை இது குறிக்கிறது எனலாம். முற்பிறவித் தொடர்பை நோக்கியது எனலாம். இனி மறவேன் என்னும் உறுதிமொழியை நடந்ததுபோல் கூறியது எனலாம். ஆனால் இவ்விளக்கங்கள் யாவும் முரணை முரணாக நிற்கவிடாமல் நீக்கவே முயல்கின்றன. பாடுவோரின் நிலையை நோக்கினால் முரணே பொருளுடையதாகத் தோன்றும். நோயில் துடிப்பவர் முதலில் நாடுவது விடுதலை. தன்குற்ற ஆய்வு அதற்குப் பிற்பட்டது. ‘அறியேன்’ என்னும் சொல் மீண்டும் மீண்டும் வருவது வழக்கில் நிற்பவரின் மறுமொழியை ஒக்கிறது.

இப்பதிகத்தில் ஒப்புதல் அறவே இல்லை என்பதும் இல்லை. காத்து ஆள்பவரின் காவலை இகழ்ந்ததை ஒரு பாடல் ஏற்றுக்கொள்கிறது. எனினும் அதே பாடல், கரையில் நின்றவர்கள் ஆழமறியாத தம்மைக் கயத்துள் தள்ளிவிட்டனர் என்று தொடர்கிறது. இகழ்ந்தது தான்; தள்ளியது பிறர். துன்பத்துக்கு நேர்க்காரணமான வினைக்கு எழுவாயாகப் பிறரே நிற்கின்றனர். அதிகைப் பதிகத்தில் பொறுப்பு இன்னும் இரண்டாகப் பிரிந்தே கிடக்கிறது.

ஆரூர்ப் பதிகம்: நலத்தின் மொழி

நான்காம் திருமுறையின் ஐந்தாம் பதிகம் திருவாரூரைப் பாடுவது. பதிக வைப்புமுறை கால வரிசையைக் காட்டாது. எனினும் இப்பதிகம் அதிகை நிகழ்ச்சிக்குப் பிற்பட்டது என்பதற்கு அகச்சான்று உண்டு. பிணியைக் காட்டி ஆட்கொண்டு, பின் அப்பிணியைத் தீர்த்தவர் என்று அதன் மூன்றாம் பாடல் ஆரூர் இறைவரைக் குறிக்கிறது. நோய் இங்கு இறந்தகாலம். இனி வேண்டிப் பெறுவதற்கு உடனடிப் பயன் எதுவும் இல்லை. ஆனால் ஒப்புதல் இங்கேதான் முழுமை பெறுகிறது.

பதிகத்தின் அமைப்பு கருதத்தக்கது. பாடல்கள் பலவற்றின் முற்பகுதி, கழிந்த சமண வாழ்வின் ஒரு காட்சியை முன்வைக்கிறது. உறியைத் தூக்கித் திரிந்தது, தலைமயிரைப் பறித்தது, இருகையில் ஏற்று உண்டது, நெடிய வீதியில் பலர் காண அவர்தம் நகைப்புக்கு நாணாது நடந்தது, மகளிரைக் கண்டால் ஓடிக் கதவை அடைத்தது எனக் காட்சிகள் விரிகின்றன. இடையில் ஆரூரின் சிறப்பும் இறைவன் அருளும் வருகின்றன. பாடல்தோறும் இறுதியில் பேதைமையைக் காட்டும் ஓர் உவமை நிற்கிறது. கனி இருக்கக் காயைக் கவர்ந்தவன், முயலை விட்டுக் காக்கையின் பின் சென்றவன், அறம் இருக்க மறத்தை விலைகொடுத்து வாங்கியவன், பனிநீரால் பாவை செய்ய எண்ணியவன், விளக்கு இருக்க மின்மினியின் தீயில் குளிர்காய்ந்தவன், பாழூரில் பிச்சைக்குப் புகுந்தவன், இருட்டறையில் மலட்டுப் பசுவைக் கறந்து இளைத்தவன், கரும்பு இருக்க இரும்பைக் கடித்தவன் எனத் தம்மையே அவர் அடுக்கிக் காட்டுகிறார்.

இவ்வுவமைகள் ஊர்ப்புறப் பழமொழிகளின் இயல்புடையன. தத்துவ நூலின் மொழியில் சமணத்தின் பிழையை நாவுக்கரசர் இங்கு நிறுவவில்லை. வாதில் வல்லவர், தேரரை வென்றவர், தம் பழைய கொள்கையைக் களையும்போது வாதத்தை நாடாதது கவனத்திற்குரியது. இரும்பைக் கடித்தவனுக்கு அது கரும்பன்று எனக் காட்ட அளவைநூல் வேண்டியதில்லை, பல்லே சான்று. நகைப்பு இவ்வுவமைகள் அனைத்திலும் ஊடாடுகிறது. அந்நகைப்புக்கு இலக்கு இரும்பை விற்றவர் அல்லர், கடித்தவரே.

அதிகைப் பதிகத்தோடு ஒப்பிடுங்கால் இலக்கண நிலையிலும் ஒரு மாற்றம் புலனாகிறது. அங்குப் பிறர் தள்ளினர். இங்கோ, பிறர் சொல்லைத் தாம் கேட்டதாகக் கூறுகிறார். சமணரைக் கடிந்துரைக்கும் சொற்கள் இங்கும் உண்டு. ஆயினும் அவர்கள் சொன்னார்கள் என்பதோடு நில்லாமல், அச்சொல்லைக் கேட்டவன் நான் என்பதே வாக்கியத்தின் அழுத்தம் ஆகிறது. கவர்ந்ததும், பின் சென்றதும், விலைக்குக் கொண்டதும், கடித்ததும் பாடுவோரின் வினைகள். எழுவாய் தன்மைக்கு மாறிவிட்டது. பொறுப்பு ஒருவரிடத்தே வந்து சேர்ந்துவிட்டது.

வீதியில் பலர் காண நடந்த காட்சி தனிச்சிறப்புடையது. சமணப் பள்ளியிலிருந்து அதிகைக்கு நாவுக்கரசர் புறப்பட்டதைச் சேக்கிழார் கூறுமிடத்து, வெண்புடைவை சூழ்ந்து, கைதருவாரை ஊன்றி, எவரும் காணாதபடி இரவில் சென்றதாகப் பாடுகிறார். கொள்கையைக் கொண்டிருந்தது பகலில், நெடுவீதியில், பலர் முன். விட்டு நீங்கியது இரவில், ஒருவரும் அறியாமல். இவ்விரண்டையும் இணைத்துக் காணும்போது ஆரூர்ப் பதிகத்தின் தேவை விளங்கும். பலர் காண நடந்ததற்குப் பலர் கேட்கச் சொல்ல வேண்டிய கணக்கொன்று எஞ்சியிருந்தது. பலரும் பாடும் பதிகமாக அது தீர்க்கப்பட்டது.

வசையும் தன்வசையும்

இவ்வாறு கூறுவதனால் நாவுக்கரசர் பழைய சமயத்தாரை நோகவே இல்லை என்பது பெறப்படாது. சமணர் மறைத்துவைத்ததாகக் கூறப்படும் கோயிலைப் பற்றிய பழையாறை வடதளிப் பதிகம் (5.58) அவர்களைக் கடுமையாக இகழ்கிறது. உடல், உடை, உணவு, வாய் ஆகியவற்றைச் சுட்டும் வசைகள் வேறு பதிகங்களிலும் உள்ளன. இவற்றை மூடிமறைத்து எழுதுவது ஆய்வாகாது. இவற்றைச் சமணர் வாழ்வியலுக்குரிய நேர்ச்சான்றாகக் கொள்வதும் ஆய்வாகாது. நாலடியாரும் சீவகசிந்தாமணியும் தந்த ஒரு மரபை, அதனை விட்டு நீங்கியவரின் வசைச்சொற்கொண்டு அளத்தல் பொருந்தாது.

ஆனால் இவ்வசைகளையும் ஆரூர்ப் பதிகத்தின் தன்வசையையும் ஒரே தன்மையின என்று கொள்ளுதல் திறனாய்வுக்குப் பொருந்தாது. வசையில் பேசுவோர் தம்மை விலக்கிக்கொண்டு நிற்கிறார். தலை பறித்தவர் ‘அவர்’ ஆகிவிடுகிறார். ஆரூரில் தலை பறித்தவர் ‘நான்’. கொள்கையை மாற்றியோர் பழைய தோழரைப் புதியோரினும் மிகையாகக் கடிவது எக்காலத்தும் காணப்படுவதே. தாம் அவருள் ஒருவராக இருந்ததை மறக்கவும் மறைக்கவும் அக்கடுமை உதவும். நாவுக்கரசரிடத்து இக்கடுமையும் உண்டு. அதற்கு மாற்றான ஆரூர் மொழியும் உண்டு. முன்னதைக் கண்டு அவரைச் சமயப் பூசலாளராக மட்டும் காண்போரும், பின்னதைக் கண்டு முழுதும் கனிந்தவராக மட்டும் போற்றுவோரும் பாதியையே படித்தோர் ஆவர்.

புராணத்தின் விடை

பெரியபுராணம் கி.பி. 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் எழுந்தது. நாவுக்கரசருக்கும் சேக்கிழாருக்கும் இடையே ஏறத்தாழ ஐந்நூறாண்டு. அதற்குள் அவர் நாயன்மாராகவும், அவர் பாடல் திருமுறையாகவும் போற்றப்பட்டுவிட்டன. அத்தகையவர் ஒரு காலத்தில் வேறு சமயத்தை நாடியது எவ்வாறு என்னும் இடர்ப்பாட்டைச் சேக்கிழார் எதிர்கொண்டாக வேண்டியிருந்தது.

அவர் தரும் விடை இருபகுதியாக உள்ளது. சமயங்களுள் நல்வழியைத் தேர்ந்துணர இறைவன் அருளாமையால் மருள்நீக்கியார் சமணத்தை அடைந்தார் என்பது ஒன்று. முன்னரே முனிவராக இருந்து தவம் முயன்றவரைச் சூலைநோய் தந்து ஆட்கொள்வோம் எனத் தமக்கையார் திலகவதியாரின் கனவில் இறைவன் அறிவித்தார் என்பது மற்றொன்று. போனதற்குக் காரணம் அருளாமை. மீண்டதற்குக் காரணம் அருள். காப்பிய நோக்கில் இது செம்மையான தீர்வு. ஆனால் ஆரூர்ப் பதிகத்தில் ‘நான்’ சுமந்த பொறுப்பு இங்குப் பெரிதும் இறங்கிவிடுகிறது. கனியை விட்டுக் காயைக் கவர்ந்த கள்வனாகத் தம்மைக் கூறியவர், புராணத்தில் திருவிளையாடலுக்கு உட்பட்டவர் ஆகிறார்.

இதனைச் சேக்கிழாரின் குறையாகக் கூறுதல் வேண்டா. மீட்சியின் உண்மையில் ஐயமுறும் எதிர்க்குரலுக்கும் அவர் தம் காப்பியத்தில் இடம் தந்துள்ளார். தமக்கை சைவத்தில் நிற்பதால் தருமசேனர் பொய்யாகச் சூலையைப் புனைந்து, தீரவில்லை என்று போய்விட்டார் எனச் சமணர் மன்னனிடம் முறையிடத் துணிகின்றனர். கொள்கையை மாற்றியோர் அனைவரும் எதிர்கொள்ளும் ஐயமே இது. உண்மையில் மாறினாரா, பயன் கருதி மாறினாரா? சேக்கிழார் இவ்வையத்துக்கு நீற்றறை, நஞ்சு, யானை, கல்லோடு கடலில் இடுதல் ஆகிய சோதனைகளால் விடை தருகிறார். துன்பத்திலும் மாறாமையே மாறியதன் உண்மைக்குச் சான்று என்பது அவ்விடையின் உட்கிடை.

இச்சோதனைகளுள் கடலில் இட்ட செய்தி தேவாரத்திலும் உண்டு. நமச்சிவாயப் பதிகம் (4.11) கல்லோடு பூட்டிக் கடலில் தள்ளினாலும் என நிபந்தனையாகக் கூறுகிறது, நீலக்குடிப் பதிகம் (5.72) சமணர் அவ்வாறு தள்ளியபோது இறைவன் பெயரைச் சொல்லி உய்ந்ததாக நிகழ்ச்சியாகவே கூறுகிறது. அதிகைப் பதிகத்தில் கயத்துள் தள்ளியது உருவகம். நீரில் தள்ளப்படுதல் என்னும் ஒரே படிமம் உருவகமாகவும் நிபந்தனையாகவும் நிகழ்ச்சியாகவும் நின்று, புராணத்தில் விரிந்த கதையாகிறது. பிறரால் தள்ளப்பட்டவர் என்னும் இவ்வடிவமே மக்கள் நினைவில் நிலைத்தது. தாமே இரும்பைக் கடித்தவர் என்னும் வடிவம் அவ்வளவு நினைக்கப்படவில்லை. துன்புற்றவரைப் போற்றுவது எளிது. பிழைத்தேன் என்றவரை அவர் சொன்னவாறே ஏற்பது அரிது.

புராணம் மற்றொரு மீட்சியையும் கூறுகிறது. நாவுக்கரசரை ஒறுத்த பல்லவ மன்னன் பின்னர்ச் சைவனாகி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அப்பொருள் கொண்டு திருவதிகையில் குணதரவீச்சரம் எடுத்தான் என்பது அது. இம்மன்னனை முதலாம் மகேந்திரவருமனாகக் கொள்வோர், திருச்சிராப்பள்ளிக் குகைக் கல்வெட்டில் குணபரன் மாற்றுநெறியினின்று திரும்பியதாகச் சிலேடைபட வரும் வடமொழிச் சுலோகத்தைச் சான்றாகக் காட்டுவர். அச்சிலேடையின் பொருள்பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது எவ்வாறாயினும், புராணத்தில் அருகருகே நிற்கும் இரு மீட்சிகளின் வேறுபாடு எண்ணத்தக்கது. மன்னன் தன் பழைய கொள்கையின் கட்டடத்தை இல்லாமலாக்குகிறான். புலவர் தம் பழைய கோலத்தை, உறியும் பறித்த தலையும் அடைத்த கதவுமாக, பாட்டில் வைத்துக் காக்கிறார்.

முடிவுரை

அதிகைப் பதிகத்தில் நோயின் நெருக்கடியில் தன்னிலை விளக்கமாகத் தொடங்கிய மறுப்பு, ஆரூர்ப் பதிகத்தில் நலம் பெற்ற நிலையில் முழு ஒப்புதலாக முதிர்ந்தது. பயன் கிடைத்த பின்னரும், ஒருவரும் வற்புறுத்தாத போதும் அது தொடர்ந்தமையே அதன் வாய்மைக்குச் சான்று. புராணம் காட்டும் நான்கு சோதனைகளினும் இச்சான்று தேவாரத்துக்கு நெருக்கமானது. தமக்கு நேர்ந்ததை அருளாமை என்றோ பிறர் சூழ்ச்சி என்றோ மட்டும் சொல்லி நாவுக்கரசர் விலகியிருக்கலாம். ஆரூர்ப் பதிகம் அவ்வழியை மேற்கொள்ளவில்லை.

நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள், பிறர் மதத்தை மேற்கொண்டு களைதல் என்பதனை ஒட்டி, தன்மதத்தை மேற்கொண்டு களைதல் என எட்டாவதாக ஒன்றை வகுப்பின் அதற்கு ஆரூர்ப் பதிகத்தினும் தக்க எடுத்துக்காட்டு இல்லை. களையப்படும் கருத்தை முதலில் அதன் முழுக்கோலத்தில் காட்டல், அதனைக் கொண்டிருந்தவன் தானே எனல், வாதத்தின் மிடுக்கை விட்டுத் தன் பேதைமையை உவமையால் உணர்த்தல், அவையறியச் சொன்னதை அவையறியவே மறுத்தல் என்னும் நான்கும் அதன் இயல்புகள் ஆகலாம். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சமணர். அவர் வகுத்த சட்டகமே, சமணம் விட்டு நீங்கிய ஒருவரின் பாட்டை விளங்கிக்கொள்ள உதவுகிறது என்பது, தமிழில் இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று எத்துணைச் சார்ந்து நின்றன என்பதையும் உணர்த்தும்.

ஆய்வுலகத்துக்கும் இது பொருந்துவதே. நூலின் காலம், பாடம், ஆசிரியர் பற்றி முன்னர் உறுதியாகச் சொன்னதைப் பின்னர் மாற்ற நேர்வது ஆராய்ச்சியின் இயல்பு. அம்மாற்றத்தை அடுத்த பதிப்பில் ஓசையின்றித் திருத்திவிடுவது எளிது. நாவுக்கரசர் என்னும் பெயர் அவர் வாதில் வென்ற நாளில் வந்ததன்று. அதிகைப் பதிகத்தைப் பாடி முடித்தபோது இறைவனால் அப்பெயர் சூட்டப்பட்டது என்பதே சேக்கிழார் வாக்கு. பழைய சொல்லைத் திரும்பப் பெற்ற நாவையே மரபு அரசு என ஏற்றது.